அந்தமானுக்கு எந்த மாதத்தில் போகலாம்? – வாசகர் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துவிட்ட பழைய வடாற்காட்டிலிருந்து கோடை நெருங்கும்போது வரும் கடிதங்களில், சில ஆண்டுகளாக ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஏலகிரியையும் ஊட்டியையும் பார்த்து முடித்தவர்கள் இப்போது அந்தமானைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பள்ளிகளுக்கு மே மாதம் முழுவதும் விடுமுறை. வேலூர் வெயிலுக்குத் தப்பி, மே கடைசி வாரத்தில் குடும்பத்துடன் அந்தமான் போகத் திட்டமிட்டிருக்கிறோம். அது ஏற்ற காலந்தானா?
– ஓர் ஆசிரியை, குடியாத்தம்

பதில்: பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால், அந்த வாரத்தைத் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். நமக்குக் கத்திரி வெயில் கழியும் அதே நாட்களில்தான் அங்கே தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. கேரளத்தில் ஜூன் முதல் நாளை ஒட்டி மழை தொடங்கும் என்று ஆண்டுதோறும் செய்தியில் கேட்கிறோம். அந்த மழை கேரளத்துக்கு வருவதற்கு முன்பே வந்து சேரும் இந்திய மண் அந்தமான் நிக்கோபார் தீவுகள்தாம். மே 22-ஆம் தேதியை ஒட்டி அந்தமானில் பருவமழை தொடங்குவது வழக்கம் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கிட்டு வைத்திருக்கிறது. 2025-இல் மே 13-ஆம் தேதியே நிக்கோபாரிலும் தெற்கு அந்தமான் கடலிலும் மழைக்காலம் தொடங்கிவிட்டதாக அத்துறை அறிவித்தது.

பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் மே மாதக் கடைசியில் போனவன். இன்று ஷாகீத் தீவு என்று அழைக்கப்படும் நீல் தீவின் படகுத்துறையில், அடியில் கிடக்கும் கல் தெரியுமளவுக்குக் காலையில் தெளிந்திருந்த கடல், பதினொரு மணிக்குள் ஈய நிறத்துக்கு மாறிவிட்டது. மேற்கே ஒரு கருங்கோடு தோன்றி, அது மேகமா மழையா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று திசை திரும்பியது. படகுத்துறை ஊழியர் ஒருவர், கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்த கப்பல் புறப்படும் நேரத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வேறு நேரம் எதையும் எழுதாமல் உள்ளே போய்விட்டார். அடுத்த கப்பல் இரண்டு நாள் கழித்துத்தான் புறப்பட்டது. அதற்குள் சென்னைக்குத் திரும்ப எடுத்திருந்த விமானச் சீட்டு வீணாகிவிட்டது. அங்கே மழையில் நனைவது பெரிய சங்கடம் அன்று. ஒரு தீவிலிருந்து மறுதீவுக்குப் போகும் கப்பல் நின்றுபோவதுதான் சங்கடம், ஏனென்றால் கடலை விட்டால் அங்கே வேறு பாதை கிடையாது.

மழையின் அளவையும் சொல்லிவிடுகிறேன். வேலூரில் ஓராண்டில் பெய்யும் மழை 1,000 மில்லிமீட்டரை ஒட்டியது. தீவுகளின் தலைநகரில் அது 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மே முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு மாதத்திலும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதால், நமக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையை அங்கே மழைக்காலத்தின் மூன்று மாதங்களே கொட்டித் தீர்த்துவிடுகின்றன. வெப்பமோ ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. இரவில் 23 டிகிரியை ஒட்டியும் பகலில் 30 அல்லது 31 டிகிரியை ஒட்டியும் இருக்கும். கத்திரியில் 42 டிகிரியைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த எண் குளிர்ச்சியாகத் தோன்றும். ஆனால் காற்றில் ஈரம் எப்போதும் மிகுதியாக இருப்பதால் வியர்வை உலராது. நிழலில் ஒதுங்கினால் சூடு தணியும் வேலூர் அனுபவம் அங்கே கிடைக்காது.

உங்கள் விடுமுறைக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசி வாரத்திலோ மே மாதத்தின் முதல் சில நாட்களிலோ போய்த் திரும்பிவிடுங்கள். அப்போது புழுக்கம் மிகுதியாக இருக்கும், மாலையில் ஓர் இடிமழை வரலாம். ஆயினும் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். விடுமுறைக் கட்டாயம் இல்லாதவர்கள் கேட்டால், ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரை என்று தயங்காமல் சொல்வேன். பிப்ரவரியும் மார்ச்சும்தான் அங்கே மழை மிகக் குறைந்த மாதங்கள். வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழும்பாத அந்த இடைவெளியில் கடல் ஏரிபோல் கிடக்கும்.

கேள்வி: அப்படியானால் அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில் போவது நல்லதா? நமக்கு மழை முடிகிற காலம் அல்லவா?
– ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் நம் வீட்டு வானொலியும் தொலைக்காட்சியும் ஒரு சொற்றொடரை ஓயாமல் சொல்லும்: ‘அந்தமான் அருகே புதிய காற்றழுத்தத் தாழ்வு நிலை.’ அதைக் கேட்டதும் பாலாற்றில் தண்ணீர் வருமா, பள்ளிக்கு விடுமுறை விடுவார்களா என்று நாம் யோசிக்கிறோம். அந்தச் செய்தியில் முதலில் வரும் ஊரை நினைப்பதில்லை. நம்மை வந்தடைய அந்தத் தாழ்வு நிலைக்குச் சில நாட்கள் ஆகும். அது பிறக்கும் இடத்திலோ அன்றைக்கே காற்றும் மழையும் தொடங்கிவிடும்.

2016 டிசம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அம்மாதம் 12-ஆம் தேதி சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல், அதற்கு முந்தைய வாரத்தில் தாழ்வு மண்டலமாக அந்தமான் பகுதியில்தான் நின்றது. அப்போது ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொள்ள, கடற்படைக் கப்பல்கள் போய் அவர்களை மீட்டு வந்தன.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் நிலம் அது. நமக்கும் இரண்டும் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் தென்மேற்குக் காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்ட பிறகு, மிச்சம்தான் மாலை இடிமழையாக நமக்கு வருகிறது. தீவுகளுக்கும் காற்றுக்கும் இடையில் எந்த மலையும் இல்லை. இந்தியப் பெருங்கடலைக் கடந்து வரும் முழு ஈரமும் நேரே அங்கே போய் மோதுகிறது. அது ஓய்ந்து அக்டோபரில் காற்று திரும்பியதும் தாழ்வு நிலைகளின் காலம் வந்துவிடுகிறது. டிசம்பர் கடைசிக்குள் பெரும்பாலும் வானம் வெளுத்துவிடும் என்பது உண்மையே. எனினும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் கூட்டம் நெரியும், அறை வாடகையும் விமானக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். பொங்கல் முடிந்து இரண்டு நாள் விடுப்புச் சேர்த்துப் போக முடியுமானால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் பார்த்தால் அந்தமான் பர்மாவுக்கு அருகில் இருக்கிறது. அந்தத் தீவுகள் எப்படி உண்டாயின? எத்தனை தீவுகள்?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: வரைபடத்தைக் கையில் எடுத்த உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலூரின் மேல் ஒரு குச்சியை வைத்து, வலப்பக்கமாகக் கிடையாக, வங்கக்கடலைத் தாண்டி நகர்த்திக்கொண்டே போங்கள். அது போய்த் தொடும் இடம் மத்திய அந்தமானில் உள்ள மாயாபந்தர். வேலூரும் மாயாபந்தரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13 டிகிரிக்குச் சற்றுத் தெற்கே இருக்கின்றன. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த தலைநகரோ சேலத்துக்கு நேர் கிழக்கே இருக்கிறது. சூரியன் நம் தலைக்கு மேல் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில்தான் அங்கேயும் நிற்கிறது. இங்கே பாலாற்றின் வெறும் மணலும், அங்கே கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்களும் இருப்பதற்குச் சுற்றியுள்ள கடலும் அது தரும் மழையுமே காரணம்.

பிறப்பைப் பற்றிக் கேட்டீர்கள். மியான்மரின் மேற்கில் வடக்கு தெற்காக ஓடும் அரக்கான் யோமா என்ற மலைத்தொடர், கடலுக்குள் இறங்கி, சுமத்ராவை நோக்கித் தொடர்ந்து போகிறது. நாம் தீவுகள் என்று சொல்வது அந்த முழுகிய மலைகளின் தலைகளை. இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு கிழக்கே நகர்ந்து, பர்மாத் தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. அந்த நெருக்கலில் கடலடி வண்டல் மடிந்து, நொறுங்கி, மேலெழுந்ததுதான் இந்த நிலம். அதனால்தான் தீவுகள் எல்லாமே வடக்கு தெற்காக நீண்டும் கிழக்கு மேற்காக ஒடுங்கியும் இருக்கின்றன.

தீவு, திட்டு, பாறை எல்லாவற்றையும் சேர்த்து 572 என்று நெடுங்காலமாக எண்ணி வந்தார்கள். அண்மைக் கணக்கு 836 என்கிறது. மக்கள் வாழ்பவை முப்பதுக்குச் சற்று மேல். மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர், அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். வட கோடிக்கும் தென் கோடிக்கும் இடையே சுமார் 770 கிலோமீட்டர், அதாவது வேலூருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலுள்ள நேர்க்கோட்டுத் தூரத்தைவிட மிகவும் அதிகம். நடுவில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள பத்து டிகிரிக் கால்வாய் குறுக்கிடுகிறது. அதற்கு வடக்கே அந்தமான், தெற்கே நிக்கோபார். தென்முனையான இந்திரா முனையிலிருந்து சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். சென்னையோ 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால்.

மிக உயர்ந்த சிகரமான சேடில் பீக், வட அந்தமானில் திக்லிபூர் அருகே 732 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் ஏலகிரி அதைவிட உயரம். ஆனால் ஏலகிரிக்கு அடிவாரத்தில் ஜோலார்பேட்டை இருக்கிறது. சேடில் பீக்கின் அடிவாரம் கடல்மட்டத்திலேயே தொடங்குகிறது.

கேள்வி: மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: டிசம்பரில் உண்மை. நாமும் அவர்களும் ஒரே கடிகார நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் அவர்கள் நமக்குக் கிழக்கே ஏறத்தாழ பதின்மூன்றரை டிகிரி தள்ளி இருக்கிறார்கள். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், சூரியன் நம்மைவிட ஏறத்தாழ 54 நிமிடம் முன்னதாக அங்கே உதித்து, அதே அளவு முன்னதாக மறைகிறது. கோடையில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்து ஜன்னலில் வெயில் விழும். ஆகவே எட்டு மணிக்குச் சிற்றுண்டி, பத்து மணிக்குப் புறப்பாடு என்ற விடுமுறைப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டு, ஆறு மணிக்குக் கரையில் இருக்கும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்று அறையில் படுத்திருப்பவர்கள், மாலை வெளிச்சத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுவார்கள்.

கேள்வி: கணவர் தோல் தொழிற்சாலையில் இருக்கிறார். எந்த ஊருக்குப் போனாலும் நல்ல தோல் காலணியும் தோல் பையும்தான் எடுப்போம். அந்தமானுக்கு என்ன எடுத்துப் போவது?
– வாசகி, ஆம்பூர்

பதில்: ஈரக்காற்றில் தோல் என்ன பாடுபடும் என்பதை உங்கள் வீட்டில் எனக்குச் சொல்லித் தருவார்கள். கிடங்கில் மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்காமல் காக்க எவ்வளவு கவனம் எடுக்கிறார்களோ, அவ்வளவு கவனம் அங்கே ஒரு ஜோடிக் காலணிக்கே தேவைப்படும். மழைக்காலத்தில் போனால் நான்காம் நாள் பையின் மடிப்பில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். படகில் ஏறி இறங்கும்போது பல இடங்களில் முழங்கால் தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருப்பதால், பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பே போதும். பாறைக்கரையில் வெறுங்காலுடன் நடப்பது ஆபத்து. செத்த பவளத்தின் விளிம்பு கத்திபோல் இருக்கும். விரைவில் உலரும் பருத்தி ஆடை, குடை, அலைபேசியை மூடிவைக்க நல்ல பிளாஸ்டிக் உறை, கொசுவுக்கும் மணல் ஈக்கும் பூசிக்கொள்ளக் களிம்பு, கப்பலில் தலைசுற்றுவோருக்கு மருத்துவரைக் கேட்டு வாங்கிய மாத்திரை ஆகியவை இருக்கட்டும். கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். சிறு தீவுகளில் அலைபேசி இணைப்பை நம்பிப் பணம் செலுத்த முடியாத நேரங்கள் உண்டு.

கேள்வி: சுனாமி வந்த இடம், எரிமலையும் இருக்கிறது என்கிறார்கள். குழந்தைகளை அழைத்துப் போக அச்சமாக இருக்கிறது.
– வாசகர், ஆரணி

பதில்: அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முன்னே சொன்ன நிலத்தட்டின் நெருக்கல்தான் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் சுமத்ரா அருகே 9.1 அளவுள்ள நிலநடுக்கமாக வெடித்து, சுனாமியைக் கிளப்பியது. அந்த ஒரே நாளில் தீவுகளின் தரையே இடம் மாறியது. தென்கோடியில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. வட அந்தமானில் கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்து, தண்ணீருக்குள் இருந்த பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. உயிரிழப்பில் பெரும்பகுதி நிக்கோபாரில் நேர்ந்தது.

ஆயினும் நிலநடுக்கத்துக்கு மாதம் பார்க்க முடியாது. கரையில் நிற்கும்போது நில அதிர்வு நீடித்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, யார் சொல்வதற்கும் காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் போகும் முன்பே சொல்லி வையுங்கள். இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலையான பேரன் தீவு, தலைநகரிலிருந்து ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தள்ளி, ஆளில்லாத தனித்தீவாக இருக்கிறது. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991-இல் விழித்து, அதன்பின் அவ்வப்போது புகைந்துகொண்டிருக்கிறது. அதனால் ஊர்களுக்கு இடர் இல்லை.

உண்மையில் உங்கள் கவனம் இருக்க வேண்டியது வேறு இரண்டில். ஒன்று, உவர்நீர் முதலை. அலையாத்திக் காடுகளின் கழிமுகங்களில் அவை வாழ்கின்றன. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில், வலை கட்டிய எல்லைக்கு வெளியே, யாரும் இறங்கக் கூடாது. மற்றொன்று நீரோட்டம். ஹேவ்லாக் என்ற சுவராஜ் தீவின் புகழ்பெற்ற ராதாநகர்க் கடற்கரை மேற்கு நோக்கியது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த அலை ஆளை இழுத்துக்கொண்டு போகும். அதே தீவின் கிழக்குக் கரை அப்போது ஓரளவு அடங்கியிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாக மாறும். எந்தப் பக்கத்துக் காற்று என்பதைக் காலையில் உள்ளூர்ப் படகுக்காரரிடம் கேட்டுவிட்டுக் கரையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய அம்மாவுக்குக் கப்பலில் போக ஆசை. சென்னையிலிருந்து கப்பலா, விமானமா? எத்தனை நாள் வேண்டும்?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: ஆசை நியாயமானது. ஆனால் கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாள் ஆகும், மாதத்தில் சில பயணங்களே உண்டு, புறப்படும் தேதியும் மாறக்கூடும். பிப்ரவரி அல்லது மார்ச்சில், உடன் இருவர் இருந்தால், ஒரு வழிக்கு மட்டும் கப்பலை எண்ணிப் பாருங்கள். திரும்பும்போது விமானத்தில் வந்துவிடலாம். மற்ற மாதங்களில் வேண்டாம். விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். காலை விமானம் என்றால் முன்னிரவே காட்பாடியில் ரயிலேறிச் சென்னையில் தங்கிவிடுவது அம்மாவுக்கு நல்லது.

ஐந்து இரவுகள் குறைந்த அளவு. ஆறு இருந்தால் நிம்மதி. கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுபோனால் ஈடுகட்டத்தான் அந்த ஆறாவது நாளை ஒதுக்கச் சொல்கிறேன். எந்த மாதத்தில் போனாலும், ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய இரவு தலைநகரில் தங்குங்கள். வெளித்தீவிலிருந்து காலையில் கப்பலேறி அன்று நண்பகல் விமானத்தைப் பிடிக்கும் திட்டத்தை எந்த முகவர் வகுத்துக் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். தலைநகரிலேயே அம்மா அலைச்சலின்றிப் பார்க்கக்கூடியவை உண்டு. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை முதன்மையானது. ஏழு கைகளாக விரிந்திருந்த அந்தக் கட்டடத்தில் இன்று மூன்று கைகளே மிஞ்சியிருக்கின்றன. பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னைகளுக்கு நடுவே ஒரு கடற்காட்சி இருக்குமே, அது மவுண்ட் ஹாரியட் குன்றிலிருந்து தெரியும் காட்சி. அந்தக் குன்றுக்கு 2021-இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயரிட்டார்கள். வண்டியிலேயே மேலே போகலாம். சுண்ணாம்புக் குகைகளுக்குப் பெயர்பெற்ற பாராடாங் பயணத்தை மட்டும் அம்மாவுக்காகத் தவிர்த்துவிடுங்கள். விடியுமுன் எழுந்து நெடுநேரம் வண்டியிலும், பிறகு படகிலும், பிறகு நடந்தும் போக வேண்டியது அது.

கேள்வி: நிக்கோபாருக்குப் போக முடியுமா? பழங்குடி மக்களைப் பார்க்க முடியுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அந்தமானின் சுற்றுலா இடங்களுக்கு இந்தியர் எவரும் தனி அனுமதியின்றிப் போகலாம். நிக்கோபார் அப்படியன்று, அது 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் வருவதால், சுற்றுலாவுக்கு என்று அனுமதி தரப்படுவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக இருப்பதால், மழையற்ற மாதம் என்று தெளிவாகச் சொல்லத்தக்க ஒன்றும் அங்கே அரிது.

இரண்டாவது கேள்விக்கு என் விடை, பார்க்க விரும்பாதீர்கள் என்பதே. ஜாரவா மக்களின் காட்டின் வழியே போகும் பெருஞ்சாலையில் வண்டிகள் காவலர் துணையுடன் வரிசையாக மட்டுமே செல்லும். அங்கே வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், தின்பண்டம் கொடுப்பதும் குற்றம். செண்டினல் பழங்குடியினர் வாழும் வடக்கு செண்டினல் தீவை ஐந்து கடல் மைல் தொலைவுக்குள் நெருங்கவே சட்டம் தடுக்கிறது. வெளியாரோடு வந்த தொற்றுநோய்கள் கிரேட் அந்தமானியர் என்ற இனத்தைச் சில பத்துப் பேராகக் குறைத்துவிட்ட வரலாறு அந்தத் தடைகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னல் வழியே ஒரு மனிதரைக் காட்சிப்பொருளாகப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத் தர வேண்டாம்.

கேள்வி: இந்தி தெரியாது. தமிழை வைத்துச் சமாளிக்க முடியுமா?
– வாசகி, போளூர்

பதில்: தலைநகரின் கடைத்தெருவில் தாராளமாக முடியும். அங்கே தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். நிக்கோபார் பகுதியின் கச்சால் தீவில், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களாகக் குடியேற்றப்பட்டன. உறவு அதற்கும் மிக முந்தியது. கடாரம் வென்ற இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் படை வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைச் சொல்கிறது. நக்கவாரம் என்பது நிக்கோபார். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற புதுப்பெயர் அமைந்தது. விடுதலைப் போராட்டத்தில் கிடைத்த வெற்றியைக் குறிக்கும் பெயர் அது என்று அரசு விளக்கம் சொன்னது.

கேள்வி: பவளப்பாறைகளைத் தெளிவாகப் பார்க்க எந்த மாதம் நல்லது? மகள் சிப்பி சேகரிப்பவள், கொண்டுவரலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர் மிகத் தெளிந்திருக்கும். மழைக்காலத்தில் ஓடைகள் கொண்டுவரும் சேறும், அலை கிளறிவிடும் மணலும் கலந்து பார்வையை மறைத்துவிடும். மாதத்தோடு இன்னொன்றையும் பாருங்கள்: கடல் ஏறி வற்றும் நேரம். ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும் அந்தக் கடல், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஷாகீத் தீவில் லட்சுமண்பூர்க் கரையின் இயற்கைப் பாலத்தை வற்றும் நேரத்தில் நடந்து போய்ப் பார்க்கலாம். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் சிறு மீன்களும் கடலட்டைகளும் அப்படியே நிற்கும். திக்லிபூர் அருகே ராஸ், ஸ்மித் என்னும் இரண்டு தீவுகளை இணைக்கும் மணல்திட்டும் வற்றும் நேரத்தில்தான் முழுதாக வெளிப்படும். நேரம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போவதால், நேற்று போனவர் சொன்ன மணியை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பவளத்தின் மேல் கால் ஊன்ற வேண்டாம். அது கல் அன்று, உயிர். 2010-ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் சூடேறியபோது அந்தமானின் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. அந்த இழப்பிலிருந்து அவை மிக மெல்லத்தான் மீள முடியும்.

சிப்பியைப் பொறுத்தவரை, மகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். பவளமும் பல வகைச் சங்கு சிப்பிகளும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் பொறுக்கியது, செத்தது என்று சொன்னாலும் விமான நிலையச் சோதனையில் பறித்துக்கொள்வார்கள். சேகரிப்பவளுக்கு ஒரு சிறு குறிப்பேட்டை வாங்கிக் கொடுங்கள். கண்டதை அங்கேயே வரைந்துகொள்ளட்டும். அந்தி சாயும் முன் ஷாகீத் தீவின் மணலில் அரைமணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். வெறும் கூடு என்று நினைத்த சங்குகளுக்குள்ளிருந்து துறவி நண்டுகள் கால்களை நீட்டி, தண்ணீர் விளிம்பை நோக்கி ஒவ்வொன்றாக நடக்கத் தொடங்கும்.